கம்பனி அறக்கட்டளையிடம் நிதி கேட்பது எப்படி: யாழ்ப்பாணத்துச் சிறு அமைப்புகளுக்கு

யாழ்ப்பாண மாவட்டத்தில் 15 பிரதேச செயலகப் பிரிவுகள், 435 கிராம அலுவலர் பிரிவுகள் உள்ளன. எந்தப் பிரிவை எடுத்தாலும் ஒரு மாதர் சங்கம், ஒரு கிராம அபிவிருத்திச் சங்கம், ஒரு சனசமூக நிலையம், ஒரு விளையாட்டுக் கழகம், முன்பள்ளிக்கு ஒரு பெற்றோர் குழு என்று எண்ணிக்கொண்டு போகலாம். இவற்றில் பல இதுவரை ஓடியது கனடாவிலும் இலண்டனிலும் இருக்கிற ஊரவர் அனுப்பும் காசில். அந்தக் காசுக்கு ஒரு தொலைபேசி அழைப்பும் நாலு படமும் போதும். அனுப்புபவருக்கு உங்களைத் தெரியும், உங்கள் அப்பாவையும் தெரியும்.

கம்பனி அறக்கட்டளையில் விண்ணப்பத்தைப் பிரிக்கும் அலுவலருக்கு உங்கள் ஊர் எங்கே இருக்கிறது என்றே தெரியாது. அவர் கையிலுள்ள காசு பங்குதாரருடையது. வருட முடிவில் அது எங்கே போனது என்று அவர் ஒரு சபைக்குச் சொல்ல வேண்டும், சபை அதை ஆண்டறிக்கையில் அச்சிட வேண்டும், கணக்காய்வாளர் அதன் சிட்டையைக் கேட்பார். ஆகவே அவர் தேடுவது தன்னால் கணக்குக் காட்டக்கூடிய ஒரு வேலை. உருக்கமான கடிதங்கள் மேசையில் குவிந்து கிடக்க, நேரான கணக்கோடு வந்த ஒன்றரைப் பக்கக் கடிதம் மேலே போவதன் காரணம் இதுதான். கீழே சொல்வதெல்லாம் அந்த ஒரு தேவையைச் சுற்றியே.

முதலில் கோப்பு

நல்ல திட்டம் கையில் இருந்தும் முதல் வடிகட்டலிலேயே விழும் விண்ணப்பங்களில் பெரும்பாலானவை பத்திரக் குறைவால் விழுகின்றன. விண்ணப்ப அறிவித்தல் வந்தபின் பத்திரம் சேர்க்கத் தொடங்கினால் காலம் போதாது. ஒரு கோப்பை முன்னரே கட்டி வையுங்கள். அதில் இருக்க வேண்டியவை: பதிவுச் சான்றிதழ், யாப்பு, நடப்பு நிர்வாகசபைப் பட்டியல், கடைசி ஆண்டுப் பொதுக்கூட்டக் குறிப்பு, கடைசி இரண்டு அல்லது மூன்று ஆண்டுகளின் கணக்காய்வு செய்த கணக்கறிக்கை, ஆறு மாத வங்கிக் கூற்று, வரி அடையாள இலக்கம், கையொப்பமிடுவோரின் அடையாள அட்டைப் பிரதி.

பதிவு எங்கே என்பது முக்கியம். 1980ஆம் ஆண்டின் 31ஆம் இலக்கத் தன்னார்வ சமூக சேவை அமைப்புகள் சட்டத்தின் கீழ் ஒரு பிரதேச செயலகப் பிரிவுக்குள் மட்டும் வேலை செய்பவர்கள் பிரதேச செயலகத்தில் பதியலாம். மாவட்டம் முழுவதும் என்றால் கச்சேரியில். மாவட்டம் தாண்டினால் கொழும்பிலுள்ள அரச சார்பற்ற நிறுவனங்களுக்கான தேசிய செயலகத்தில். வேறு சிலர் 2007ஆம் ஆண்டின் 7ஆம் இலக்கக் கம்பனிகள் சட்டத்தின் கீழ் உத்தரவாதத்தால் வரையறுக்கப்பட்ட கம்பனியாகப் பதிந்திருப்பார்கள். சனசமூக நிலையம் பிரதேச சபையில் பதிந்திருக்கும். வேலணைப் பிரதேச செயலகத்தில் மட்டும் பதிந்த சங்கம் சாவகச்சேரியில் தையல் பயிற்சி நடத்தக் காசு கேட்டால், திட்டம் எவ்வளவு நன்றாக இருந்தாலும் கேள்வி வரும். சில அறக்கட்டளைகள் சனசமூக நிலையப் பதிவை ஏற்காது. அப்படியென்றால் பதிவுள்ள பெரிய அமைப்பொன்றின் கீழ் பங்காளியாகப் போவதுதான் வழி. ஆனால் காசு யாருடைய கணக்குக்கு வரும், யார் செலவழிப்பது என்பதை முதலே எழுத்தில் வையுங்கள்.

எங்கள் பக்கத்தில் அடிக்கடி நடக்கும் மூன்று கோளாறுகள் உண்டு.

ஒன்று, பெயர். பதிவுச் சான்றிதழில் தமிழ்ப் பெயர், வங்கியில் ஆங்கில எழுத்தில் வேறொரு மாதிரி, கடிதத் தலைப்பில் மூன்றாவது மாதிரி. ‘நலன்புரி’ என்ற ஒரு சொல்லையே ஆங்கில எழுத்தில் நாலு விதமாக எழுதலாம். காசோலை எழுதுபவர் வங்கிப் பெயரையும் சான்றிதழ்ப் பெயரையும் ஒப்பிட்டுப் பார்ப்பார். பொருந்தாவிட்டால் காசோலை வெளியே வராது. ஒரே எழுத்துக்கூட்டலைத் தெரிந்து, கூட்டத்தில் தீர்மானம் எடுத்து, எல்லா இடத்திலும் அதற்கே மாற்றுங்கள்.

இரண்டு, வெளிநாடு போன பொருளாளர். கணக்கில் கையொப்பமிடும் மூவரில் ஒருவர் கனடா போய் இரண்டு வருடம், இன்னொருவர் மகளோடு கொழும்பில். மீதமுள்ள ஒருவரின் கையொப்பத்தில் வங்கி காசு தராது. கையொப்பக்காரரை மாற்றப் பொதுக்கூட்டத் தீர்மானம் வேண்டும், பொதுக்கூட்டம் நடத்த அறிவித்தல் காலம் வேண்டும். மொத்தத்தில் இரண்டு மாதம் போய்விடும்.

மூன்று, காணி. முன்பள்ளி நிற்பது கோயில் காணியில், அல்லது பிரதேச சபைக் காணியில், அல்லது சுவிசில் இருக்கும் ஒருவரின் காணியில். ‘அவர் ஒன்றும் சொல்லமாட்டார்’ என்பது ஊருக்குள் செல்லும். கட்டடத்துக்கோ தண்ணீர்த் தாங்கிக்கோ காசு தருபவர் உரிமையாளரின் சம்மதக் கடிதம் கேட்பார். அரச பாடசாலை என்றால் அதிபரின் கடிதம் மட்டும் காணாது. யாழ்ப்பாணம், வலிகாமம், தென்மராட்சி, வடமராட்சி, தீவகம் என்ற ஐந்து வலயங்களில் உங்கள் வலயத்துக் கல்விப் பணிமனையின் அனுமதியும் வேண்டும்.

கணக்காய்வுக்குப் பட்டயக் கணக்காளர் ஒருவரிடம் போங்கள். ஊரில் ஓய்வுபெற்ற கணக்கு ஆசிரியர் பார்த்துக் கையெழுத்து வைத்தது உள்ளூர்ப் பொதுக்கூட்டத்துக்கு நல்லது, கம்பனிக்குச் செல்லாது. கட்டணம் கொடுக்க வசதியில்லை என்றால் அதைப் பாதீட்டில் ஒரு வரியாகவே கேட்கலாம். கொடுப்பவர்கள் இருக்கிறார்கள்.

வரி விடயத்திலும் இரண்டு கணக்குகள் தெரிந்திருக்க வேண்டும். 2017ஆம் ஆண்டின் 24ஆம் இலக்க உள்நாட்டு இறைவரிச் சட்டத்தில், அரச சார்பற்ற நிறுவனம் பெறும் நன்கொடையின் 3 வீதம் வருமானமாகக் கொள்ளப்பட்டு அதன்மேல் வரி விதிக்கப்படுகிறது. உங்களுக்கு இது பொருந்துமா என்று கணக்காளரிடம் கேட்டுவிட்டுப் பாதீடு போடுங்கள். அடுத்தது, ‘எங்களுக்குத் தந்தால் உங்களுக்கு வரிச் சலுகை கிடைக்கும்’ என்று கடிதத்தில் எழுதாதீர்கள். அந்தச் சலுகை வர்த்தமானியில் அங்கீகரிக்கப்பட்ட சில நிறுவனங்களுக்கான நன்கொடைக்கே உண்டு. அதுவும் கம்பனிக்கு வரிக்குரிய வருமானத்தின் ஐந்திலொன்று அல்லது 5 இலட்சம் ரூபா, இவற்றில் குறைந்தது. பெரிய கம்பனிக்கு அது ஒரு பொருட்டே இல்லை. தவறாக எழுதியவரின் கடிதத்தில் மற்ற எண்களையும் சந்தேகிக்கத் தொடங்குவார்கள்.

யாரிடம் கேட்பது

இந்தியாவில் 2013ஆம் ஆண்டின் கம்பனிகள் சட்டம், குறித்த அளவுக்கு மேற்பட்ட கம்பனிகள் மூன்றாண்டுச் சராசரி இலாபத்தில் 2 வீதத்தைச் சமூகப் பணிக்குச் செலவிட வேண்டும் என்கிறது. இதைக் கேள்விப்பட்டுச் சென்னைக் கம்பனிகளுக்குக் கடிதம் எழுதும் சங்கங்கள் உண்டு. அங்குள்ள விதிகளின்படி இந்தியாவுக்கு வெளியே செய்யும் செலவு அந்த 2 வீதத்துக்குள் சேராது. தபால் செலவு மிச்சம்.

அமெரிக்கக் கம்பனி அறக்கட்டளைகள் நேரடியாக வெளிநாட்டுச் சிறு சங்கத்துக்குக் கொடுப்பதும் அரிது. தங்கள் நாட்டுத் தர்ம நிறுவனத்துக்கு ஈடானதென்று உங்களை நிரூபிக்க வேண்டும், அல்லது ஒவ்வொரு டொலரும் செலவானதை அவர்களே கண்காணிக்க வேண்டும். இரண்டும் அவர்களுக்குத் தலையிடி என்பதால் குளோபல்கிவிங், கிவ்2ஏசியா போன்ற இடைநிலை அமைப்புகள் ஊடாகவே கொடுப்பார்கள். உங்கள் ஊர்ப் பிள்ளை அமெரிக்கக் கம்பனியில் வேலை செய்தால், ஊழியர் கொடுக்கும் நன்கொடைக்குச் சமமாகக் கம்பனியும் போடும் திட்டம் அங்கே இருக்கிறதா என்று விசாரிக்கச் சொல்லுங்கள். இடைநிலை அமைப்பொன்றில் நீங்கள் பதிந்திருந்தால் அதுவே சுருக்கமான வாசல்.

இலங்கையில் கம்பனிகளுக்கு அப்படிக் கட்டாயச் சட்டம் கிடையாது. கொடுப்பது அவர்கள் விருப்பம், ஆகவே அவர்கள் தெரிந்தெடுத்த தலைப்புகளுக்குள்தான் கொடுப்பார்கள். ஹேமாஸ் அவுட்ரீச் பவுண்டேசன் ‘பியவர’ என்ற பெயரில் முன்பள்ளிகளில் வேலை செய்கிறது. ஜோன் கீல்ஸ் பவுண்டேசன் ஆங்கிலக் கல்வி, கண்புரைச் சத்திரசிகிச்சை, கிராமத் தத்தெடுப்பு என்று போகும். முல்லைத்தீவில் இரணைப்பாலையும் புதுமாத்தளனும் அந்தத் தத்தெடுப்புக்குள் வந்தவை. சம்பத் வங்கி குளங்களைத் திருத்தும். கொமர்ஷல் வங்கியின் அறக்கட்டளை பாடசாலைகளுக்குக் கணினி ஆய்வுகூடம் கொடுக்கும். குளம் திருத்துபவரிடம் நாடகப் பட்டறைக்குக் கேட்பது வீண்.

இதை அறிய ஒரு நல்ல வழி உண்டு. அதைச் செய்பவர்கள் குறைவு. கொழும்புப் பங்குச் சந்தையில் பதிந்த கம்பனிகளின் ஆண்டறிக்கைகள் பங்குச் சந்தை இணையத்தளத்தில் இலவசமாகக் கிடக்கின்றன. முன்னூறு பக்கத்தைக் கண்டு பயப்பட வேண்டாம். சமூகம் பற்றிய அத்தியாயத்தை மட்டும் பிரித்து நாலு விடயம் குறியுங்கள்: எந்தத் தலைப்பு, எந்த மாவட்டம், ஒரு திட்டத்துக்கு ஏறத்தாழ எவ்வளவு, யாரோடு சேர்ந்து செய்தார்கள். ஐக்கிய நாடுகள் சபையின் நிலைபேறான அபிவிருத்தி இலக்குகள் 17இல் எந்த இலக்கத்தின் கீழ் போட்டிருக்கிறார்கள் என்றும் பாருங்கள். குடிநீர் 6ஆவது, கல்வி 4ஆவது. உங்கள் கடிதத்தில் அந்த இலக்கத்தை ஓரிடத்தில் எழுதினால் அவர்கள் அடுத்த ஆண்டறிக்கையில் உங்களை எங்கே வைப்பது என்பதற்கு விடை கிடைத்துவிடும். பதினேழு இலக்கின் சின்னப் படத்தையும் அட்டையில் ஒட்டத் தேவையில்லை.

யாழ்ப்பாணத்தில் கிளை உள்ள வங்கி, காப்புறுதி, தொலைத்தொடர்பு, சுப்பர்மார்க்கெட் நிறுவனங்களை முதலில் பாருங்கள். தலைமையகத்துக்கு நேரே மின்னஞ்சல் போடுவதற்கு முன் கிளை முகாமையாளரை ஒருக்கால் சந்தியுங்கள். ‘சேர், எங்கட முன்பள்ளிக்குக் குடிதண்ணி இல்லை, உங்கட ஹெட் ஒவிசில யாரிட்ட எழுதலாம்?’ என்ற ஒரு கேள்வி போதும். காசு தரும் அதிகாரம் பொதுவாக அவரிடம் இருக்காது. ஆனால் உரிய அலுவலரின் பெயர் அவருக்குத் தெரியும், தலைமையகம் ‘இவர்கள் யார்’ என்று கேட்கும்போது பதில் சொல்பவரும் அவராகவே இருப்பார்.

யாரிடம் கேட்கமாட்டோம் என்பதையும் நிர்வாகசபை முதலே தீர்மானிக்கட்டும். 2006ஆம் ஆண்டின் 27ஆம் இலக்கச் சட்டம் புகையிலை, மது விளம்பரத்தையும் அனுசரணையையும் கட்டுப்படுத்துகிறது, சிறுவரோடு வேலை செய்யும் அமைப்புக்கு அந்தக் காசு எப்படியும் வில்லங்கம். நுண்கடனில் மாட்டிய பெண்களுக்கு உதவும் சங்கம் கடன் கொடுக்கும் நிதிக் கம்பனியின் பெயர்ப் பலகையை வாசலில் தூக்குவதும் அப்படித்தான். காசு வந்தபின் சபைக்குள் சண்டை பிடிப்பதைவிட, கூட்டக் குறிப்பில் முன்பே ஒரு வரி எழுதுவது நல்லது.

ஒரு தாங்கி, ஒரு கடிதம்

உதாரணத்துக்கு ஒரு வேலையை எடுப்போம். தீவகத்தில் 35 பிள்ளைகள் படிக்கும் முன்பள்ளி. கிணறு உவர், பவுசர் தண்ணீர் கிழமைக்கு இரண்டு தரம் வரும், சில கிழமை வராது. மழைநீர்த் தாங்கி கட்டக் காசு வேண்டும்.

பெரும்பாலும் எழுதப்படுவது: ‘யுத்தத்தால் பாதிக்கப்பட்ட எமது பிரதேச மக்கள் நீண்டகாலமாகக் குடிநீர்ப் பிரச்சினையால் பெரும் துன்பத்தை அனுபவித்து வருகின்றனர். தாங்கள் மனமுவந்து உதவுமாறு பணிவன்புடன் வேண்டுகிறோம்.’ இதில் பொய் ஒன்றுமில்லை. ஆனால் படிப்பவர் எதைச் சபைக்குக் கொண்டுபோவது?

அதையே கணக்காக எழுதிப் பாருங்கள். கூரை 10 மீற்றர் நீளம், 6 மீற்றர் அகலம், அதாவது 60 சதுர மீற்றர். ஆண்டு மழை 1,200 மில்லிமீற்றர் என்று கொண்டு, தெறித்தும் கசிந்தும் போவதற்கு ஐந்திலொன்றைக் கழித்தால் 57,600 லீற்றர் கூரையிலிருந்து இறங்கும். 8,000 லீற்றர் பெரோசீமெந்துத் தாங்கி நிரம்ப 167 மில்லிமீற்றர் மழை போதும். எங்கள் மாரியில் சாதாரண நவம்பர் ஒன்றே அதைத் தரும். ஒரு பிள்ளைக்குக் குடிக்கவும் வாய் கழுவவும் நாளுக்கு 2 லீற்றர் என்றால் 35 பேருக்கு 70 லீற்றர். நிரம்பிய தாங்கி 114 பள்ளி நாட்களுக்கு வரும். கிழமைக்கு ஐந்து நாள் வீதம் ஏறக்குறைய 23 வாரம். ஜனவரி நடுவில் தொடங்கினால் விடுமுறை கழித்து ஜூலை வரை தண்ணீர் இருக்கும். ஓகஸ்ட், செப்ரெம்பருக்குப் பவுசர் வேண்டும், அதையும் ஒளிக்காமல் எழுதுங்கள். ‘ஆண்டு முழுவதும் தண்ணீர்’ என்று எழுதினால் கணக்குத் தெரிந்த ஒருவர் சபையில் இருந்தால் போதும், முழுக் கடிதமும் கவிழும்.

கடிதம் ஒன்றரைப் பக்கத்துக்கு மேல் வேண்டாம். வரிசை இப்படி இருக்கட்டும்: என்ன செய்யப் போகிறோம், எங்கே, எத்தனை பேருக்கு, மொத்தம் எவ்வளவு, அதில் உங்களிடம் கேட்பது எவ்வளவு, நாங்கள் போடுவது எவ்வளவு, எப்போது முடியும். இவை முதல் ஐந்து வரிக்குள் வரவேண்டும். பிறகு மேலே உள்ள கணக்கு. பிறகு ஐந்து வருடம் கழித்து யார் பார்ப்பது: கூரைத் தண்ணீரைத் தாங்கிக்குக் கொண்டுவரும் பீலியை ஒவ்வொரு செப்ரெம்பரும் துப்புரவாக்குவது யார், முதல் மழையை வெளியே விடும் குழாயைத் திறப்பது யார், உடைந்த பைப்பு மாற்ற மாதம் எவ்வளவு ஒதுக்கப்படும். கம்பனிக்காரர் அதிகம் பயப்படுவது தங்கள் சின்னம் ஒட்டிய தாங்கி இரண்டு வருடத்தில் வெடித்துக் காய்ந்து கிடக்கும் படம் முகநூலில் வருவதற்குத்தான். பராமரிப்புக்கு ஆள் பெயரோடு பதில் வைத்திருக்கும் சங்கம் அந்த இடத்தில் மற்றவர்களைத் தாண்டிவிடும்.

மொழி ஒரு சங்கடம். முடிவெடுக்கும் சபை பெரும்பாலும் கொழும்பில், கடிதம் ஆங்கிலத்தில் போனால்தான் வேகமாக நகரும். தமிழில் முழுதாக எழுதி, கணக்கைச் சரிபார்த்து, பிறகு ஒருவரைக் கொண்டு எளிய ஆங்கிலத்தில் சுருக்குங்கள். நேரே ஆங்கிலத்தில் தொடங்கினால் பழைய விண்ணப்பங்களில் பார்த்த பெரிய சொற்களெல்லாம் வந்து குந்திவிடும், 35 பிள்ளையும் 70 லீற்றரும் காணாமல் போய்விடும். தொலைபேசியில் விளக்கம் கேட்டால் பேசக்கூடியவர் யார் என்று கடிதத்திலேயே பெயரும் இலக்கமும் போடுங்கள். அவர் பகலில் தொலைபேசி எடுப்பவராக இருக்க வேண்டும்.

பாதீடு

ஒவ்வொரு வரியும் அளவு, அலகு விலை, மொத்தம் என்று மூன்று நிரலில் இருக்கட்டும். ‘கட்டுமானப் பொருட்கள்’ என்று ஒரே வரியில் இலட்சக்கணக்கில் போட்டால் அதை வெட்டுவார்கள், ஏனென்றால் எதை வெட்டுகிறோம் என்று தெரியாமலே வெட்டலாம். ‘பீலி 20 மீற்றர், இவ்வளவு வீதம்’ என்று போட்டதை வெட்ட மனம் வராது.

மறந்துபோகும் வரிகள் நாலு. முதலாவது ஏற்றிறக்கம். வேலணை, புங்குடுதீவு, காரைநகருக்கு லொறி நேரே போகும். நெடுந்தீவுக்கு என்றால் குறிகாட்டுவான் வரை லொறி, அங்கே இறக்குகூலி, படகுக்கு ஏற்றுகூலி, படகு வாடகை, மறுகரையில் மறுபடி இறக்குகூலி, அதன்பின் உழவியந்திரம். சீமெந்துப் பை ஒன்று ஐந்து கை மாறும், ஒன்றிரண்டு நனைந்தும் போகும். கொழும்பில் இருப்பவருக்கு இது தெரியாது, ஆகவே அடிக்குறிப்பில் இந்தச் சங்கிலியை அப்படியே எழுதுங்கள். எழுதாமல் ‘போக்குவரத்து’ என்று பெரிய தொகை போட்டால் கள்ளக் கணக்கு என்று நினைப்பார்கள்.

இரண்டாவது வற் வரி. 2024 ஜனவரியிலிருந்து அது 18 வீதம். கடைக்காரர் 2 இலட்சம் என்று வாயால் சொன்னது வரியோடு சிட்டையாக வரும்போது 2,36,000 ஆகிவிடும். விலைமனு வாங்கும்போதே வரி உள்ளேயா வெளியேயா என்று எழுதி வாங்குங்கள். திரும்பப் பெற உங்களுக்கு வழியில்லை, முழுதும் செலவுதான்.

மூன்றாவது ஊழியர் செலவு. மாதம் 60,000 ரூபாவில் ஒரு களப் பணியாளரைப் போட்டால் செலவு 60,000 இல்லை. தொழில்தருநர் பங்காக ஊழியர் சேமலாப நிதிக்கு 12 வீதம், ஊழியர் நம்பிக்கை நிதியத்துக்கு 3 வீதம், சேர்த்து மாதம் 9,000, வருடத்துக்கு 1,08,000. இதைப் போடாமல் விட்டவர்கள் கடைசி இரண்டு மாதச் சம்பளத்துக்கு ஊரில் காசு சேர்க்க வேண்டிவரும். ‘தொண்டர்’ என்று பெயர் மாற்றிச் சம்பளம் கொடுப்பதும் கணக்காய்வில் அகப்படும்.

நாலாவது விலையேற்றம். 2022இல் டொலர் 200 ரூபாவிலிருந்து சில கிழமைக்குள் 360ஐத் தொட்டபோது, முந்திய வருட விலையில் உடன்படிக்கை எழுதிய வேலைகள் பாதியில் நின்றன. எதிர்பாராச் செலவுக்கு 5 வீதம் போடுங்கள். விலைமனு எத்தனை நாளுக்குச் செல்லும் என்ற திகதியைப் பாருங்கள், அனேகமாக 30 நாள். உங்கள் விண்ணப்பம் முடிவாகிக் காசு கைக்கு வர ஐந்தாறு மாதம் எடுக்கும். விலை இன்ன அளவுக்கு மேல் ஏறினால் தாங்கியின் அளவைக் குறைப்பதா, கைகழுவும் மேடையை விடுவதா என்று ஒரு வரி இப்போதே எழுதி வைத்தால் பிறகு பேச்சுவார்த்தை சுலபம்.

நிர்வாகச் செலவு கேட்க வெட்கப்பட வேண்டாம். மொத்தத்தில் 10 வீதத்துக்குள் நின்றால் பெரும்பாலும் தர்க்கம் வராது. அதை மூடிமறைத்து மற்ற வரிகளுக்குள் ஊட்டி வைப்பது ஆபத்து. ஊரின் பங்கையும் காசாக மாற்றிக் காட்டுங்கள்: குழி வெட்டும் ஆட்கள் எத்தனை, எத்தனை நாள், அன்றைய கூலி எவ்வளவு. வெளிநாட்டு ஊரவர் ஒரு பங்கு தருகிறார்கள் என்றால் அதையும் எழுதுங்கள். ஒரே தாங்கியின் படத்தைக் கம்பனிக்கும் இலண்டனுக்கும் தனித்தனியே அனுப்பி இரண்டு முறை காசு வாங்கியது வெளியே தெரிந்தால், அந்தச் சங்கத்துக்கு மட்டுமல்ல, பக்கத்து ஊர்ச் சங்கத்துக்கும் கதவு சாத்தப்படும்.

நாட்காட்டியைப் பின்னாலிருந்து எண்ணுங்கள்

ஒக்ரோபர் நடுவில் மழை. அதற்கு முன் தாங்கி பூசி, குறைந்தது ஒரு கிழமை ஈரம் காயாமல் நனைத்து, பீலி பொருத்தியிருக்க வேண்டும். ஆகவே வேலை ஓகஸ்ட்டில் தொடங்க வேண்டும். விலைமனுவும் பொருள் ஏற்றலும் ஜூலை. முதல் தவணைக் காசு ஜூன். உடன்படிக்கை மே. சபைத் தீர்மானம் மார்ச் அல்லது ஏப்ரல். விண்ணப்பம் ஜனவரி. ஒக்ரோபரில் பிள்ளைகளுக்குத் தண்ணீர் இல்லை என்று ஜூலையில் விண்ணப்பித்தால் தாங்கி அடுத்த மாரியைத்தான் பார்க்கும்.

கம்பனியின் வருடமும் இதோடு பொருந்த வேண்டும். வங்கிகளின் கணக்காண்டு டிசெம்பரில் முடிகிறது, அடுத்த வருடப் பாதீடு செப்ரெம்பர் முதல் நவம்பருக்குள் அடைபடும். பல வர்த்தகக் கம்பனிகளுக்கு மார்ச் 31 முடிவு, அவர்களின் பாதீட்டுப் பேச்சு ஜனவரி, பெப்ரவரியில். அந்தப் பேச்சுக்கு முன் உங்கள் பெயர் மேசையில் இருந்தால் புதுவருடக் காசு. ஆண்டு முடிய ஒன்றரை மாதம் இருக்கையில் மிஞ்சிய சிறுதொகையும் சிலவேளை கிடைக்கும். அதற்குக் கோப்பு ஆயத்தமாக இருக்க வேண்டும், ஏனென்றால் ‘வெள்ளிக்கிழமைக்குள் அனுப்புங்கள்’ என்றுதான் கேட்பார்கள்.

பார்க்க வரும் நாள்

கம்பனியின் ஒரு அலுவலர் காலை இரயிலிலோ வான் வண்டியிலோ வருவார், பின்னேரம் திரும்ப வேண்டும். மாலை, பொன்னாடை, மூன்று வரவேற்புரை, பிள்ளைகளின் நடனம் என்று வைத்தால் அவர் பார்க்க வந்ததைப் பார்க்க நேரம் இருக்காது. கிணற்றுத் தண்ணீரை ஒரு குவளையில் கொடுத்து வாயில் வைக்கச் சொல்லுங்கள். கூரையைக் காட்டி அளவு நாடாவைக் கையில் கொடுங்கள். கணக்குப் புத்தகம், கூட்டக் குறிப்பேடு, பிள்ளைகளின் வரவுப் பதிவு மூன்றும் மேசையில் இருக்கட்டும். ஆசிரியையையும் இரண்டு தாய்மாரையும் தனியாகப் பேசவிடுங்கள். தலைவர் பக்கத்தில் நின்று ஒவ்வொரு பதிலையும் தானே சொல்வது நல்ல சகுனம் அல்ல.

கம்பனிக்கு வேறு விருப்பங்களும் இருக்கும்: ஊழியர்கள் ஒரு நாள் வந்து சுவருக்கு வர்ணம் பூச வேண்டும், பொருளைத் தாங்களே வாங்கித் தர வேண்டும், தாங்கியில் சின்னம் இவ்வளவு அளவில் வேண்டும். வர்ணம் பூச வரும் 30 பேருக்குச் சாப்பாடும் தண்ணீரும் யார் செலவு என்று கேளுங்கள். பொருளாக வருவதென்றால் தரம், விநியோக இடம், உத்தரவாதம் எழுத்தில் இருக்கட்டும். யாழ்ப்பாண நகரில் இறக்கிவிட்டுப் போன பொருளை நெடுந்தீவுக்குக் கொண்டுபோவது உங்கள் தலையில் விழலாம்.

காசு வந்தபின்

உடன்படிக்கையில் தவணைகளைப் பாருங்கள். கடைசித் தவணை அறிக்கை ஒப்படைத்த பிறகுதான் என்றால் அந்தத் தொகையை இடையில் யார் போடுவது? மேசன் காத்திருக்கமாட்டார். கடைசித் தவணை 10 வீதத்துக்கு மேல் போகாமல் கேட்டுப் பாருங்கள். கேட்டால் பலர் இணங்குவார்கள், கேட்பவர்தான் இல்லை. வெளிநாட்டிலிருந்து வரும் தொகை என்றால் வங்கி மூலத்தை விசாரிக்கும். 2006ஆம் ஆண்டின் 6ஆம் இலக்க நிதிக் கொடுக்கல் வாங்கல் அறிக்கையிடல் சட்டப்படி அது அவர்கள் கடமை. உடன்படிக்கைப் பிரதியைக் காசு வருமுன்னரே கிளையில் கொடுத்துவிட்டால் இழுபறி குறையும்.

தனிக் கணக்கு, இல்லையென்றால் பேரேட்டில் தனிப் பக்கம். பெரிய கொடுப்பனவு எல்லாம் காசோலையில். மூன்று விலைமனு, மூன்றும் ஒரே கையெழுத்தில், ஒரே மாதிரி எழுத்துப்பிழையோடு இருந்தால் அது மூன்று ஆகாது. தீவில் ஒரே கடைதான் என்றால் ஏன் ஒன்று மட்டும் என்று நிர்வாகசபைத் தீர்மானமாக எழுதி இணையுங்கள், ஏற்பார்கள். பற்றுச்சீட்டு தராத படகுக்காரருக்கும் உழவியந்திரக்காரருக்கும் உங்கள் வவுச்சரில் பெயர், அடையாள அட்டை இலக்கம், தொகை, கையொப்பம் வாங்குங்கள். வெயிலில் மையழியும் கடைச் சிட்டையை அன்றே படம் எடுத்து வையுங்கள். ஆறு மாதத்தில் அது வெறுங் கடதாசி.

ஏதாவது மாறினால் செலவழிக்குமுன் எழுதிக் கேளுங்கள். பீலிக்கு ஒதுக்கியதில் மிஞ்சிய 15,000 ரூபாவுக்கு ஊஞ்சல் வாங்கியது நல்ல காரியமாக இருக்கலாம், ஆனால் அறிக்கையில் அது விதிமீறலாகத்தான் வரும். ஒரு மின்னஞ்சலுக்கு ஒரு கிழமையில் பதில் வந்திருக்கும்.

படங்களை ஒரே இடத்தில் நின்று எடுங்கள்: வெறும் நிலம், கம்பிக்கூடு, பூச்சு, முடிந்த தாங்கி. நாலு படமும் ஒரே கோணத்தில் இருந்தால் அறிக்கையில் பாதி வேலை முடிந்தது. பிள்ளைகளின் முகம் தெரியும் படத்துக்குப் பெற்றோரின் கையொப்பம் வேண்டும். கம்பனி அதை அச்சிடும் என்பதையும் அவர்களுக்குச் சொல்லுங்கள்.

திறப்புவிழாவில் பெயர்ப்பலகையின் மும்மொழி வாசகத்தையும் சின்னத்தையும் அச்சுக்கு முன் கம்பனிக்கு அனுப்பி ஒப்புதல் வாங்குங்கள். சிங்கள எழுத்தில் ஒரு பிழை வந்தால் பலகையை மறுபடி செய்ய வேண்டிவரும். அரசியல்வாதியை அழைக்கும் எண்ணம் இருந்தால் முதலில் கேளுங்கள், பெரும்பாலான கம்பனிகள் விரும்பாது. தேர்தல் அறிவித்திருந்தால் விழாவே வேண்டாம், தண்ணீரைத் திறந்துவிட்டால் போதும்.

இறுதி அறிக்கை இரண்டு பக்கம், கணக்கு ஒரு பக்கம், படம் நாலு. கடிதத்தில் சொன்ன எண்களுக்கு எதிரே நடந்த எண்களைப் போடுங்கள். 114 நாள் என்று சொன்ன தண்ணீர் 90 நாளில் முடிந்தால் 90 என்றே எழுதி, பெரிய வகுப்புப் பிள்ளைகளும் அதில் கைகழுவியதைக் காரணமாகச் சொல்லுங்கள். கேட்காமலே அடுத்த செப்ரெம்பரில், பீலி துப்புரவாக்கும் அன்று எடுத்த ஒரு படத்தை மூன்று வரியோடு அந்த அலுவலருக்கு அனுப்புங்கள். தந்தது வங்கி என்றால் அவர்களின் அடுத்த வருடப் பாதீட்டுப் பேச்சு தொடங்குவதும் அந்த மாதத்தில்தான்.

கிடைக்கவில்லை என்றால் ஒரு கிழமை கழித்துத் தொலைபேசியில் காரணம் கேளுங்கள். ‘காசு முடிந்தது’ என்றால் அதே கடிதத்தை விலை மட்டும் புதுப்பித்து அடுத்த ஆண்டுக்கு வைக்கலாம். ‘எங்கள் தலைப்பு இல்லை’ என்றால் வேறு கம்பனிக்கு மாற்றுங்கள். ‘பத்திரம் சரியில்லை’ என்றால் பொதுக்கூட்டத்துக்கு அன்றைக்கே திகதி குறியுங்கள்.